பழைய இருப்புக்கல்லின் குற்றமும் மீட்பும்

இரும்பாற் செய்யப்பட்டும் ‘கல்’ என்றே பெயர் தாங்கி நிற்கும் பொருளொன்று நம் அடுக்களையில் உண்டு. அது தோசைக்கல். பொருள் இரும்பு, பெயர் கல். இப்பெயரின் வரலாற்றை ஆராய யாம் ஈண்டுப் புகவில்லை. அப்பொருளைக் குறித்தே சில கூற முற்பட்டோம். “இலக்கியம் பயில்வோர்க்கு அடுக்களையில் என்ன வேலை?” என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அவ்வேலை எமக்கு வலிய வந்து வாய்த்தது. அதன்கண் யாம் கற்றவை பிறர்க்கும் பயன்படும் என்னுந் துணிவினால் இக்கட்டுரை எழுதலாயிற்று.

எம் அன்னையார் மாலைதோறும் வீட்டுத் திண்ணையில் தோசை சுட்டு விற்பவர். அவ்வருவாயே எம் படிப்பிற்கு ஊன்றுகோல். சென்ற மார்கழியில், கல்லூரி விடுமுறை தொடங்குதற்கு முந்தின வாரம், ஒருநாள் மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. விரைந்து கடையை எடுத்து வைக்கக் கருதிய அன்னையார், அடுப்பினின்று இறக்கிய கல்லின்மேல் ஒரு செம்பு குளிர்ந்த நீரை வார்த்துவிட்டார். ‘டக்’ என்றோர் ஒலி எழுந்தது. விளிம்பினின்று நடுவரையில் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடிற்று. எம் பாட்டியார் காலந்தொட்டுப் பழகிய கல் அது. “என் கையாலேயே கெடுத்தேனே” என்று சொல்லி அவர் அடங்கிவிட்டார்.

கிறிஸ்துமஸ் வாரமே எம் கடைக்கு ஆண்டில் மிகுந்த விற்பனையுள்ள வாரம். புதிய வார்ப்புக்கல்லின் விலையைக் கேட்டு வந்தோம். அஃது எம் தேர்வுக் கட்டணத்தை ஒத்திருந்தது. இரண்டனுள் ஒன்றுக்கே கையில் பணம் இருந்தது. ஆகலின் பழைய இரும்புக்கடையை நாடினோம். ஆனால் பழையதொன்றை வாங்குவோன் அதன் குற்றத்தையும் உடன் வாங்குகின்றான். எக்குற்றம் தீரும், எக்குற்றம் தீராது என்று அறியாது வாங்கினால், மிச்சம்பிடித்த பணமும் போய்விடுமன்றோ?

வார்ப்பிரும்பின் இயல்பு

அடுக்களையில் வழங்கும் இருப்புக்கற்கள் இருவகையின. ஒன்று, தகட்டை வெட்டித் தட்டிச் செய்வது. மற்றொன்று, உருக்கிய இரும்பை மணலச்சில் வார்த்துச் செய்வது. பின்னதே வார்ப்புக்கல். தகட்டுக்கல் மெல்லியது, விழுந்தால் நெளியும். வார்ப்புக்கல் கனத்தது, விழுந்தால் உடையும். ஐயம் எழுமாயின், மறைவான ஓரிடத்தில் அரத்தால் சிறிது உரசிப் பார்க்கலாம். தகட்டிரும்பு பளபளக்கும் சுருள்களாக உதிரும். வார்ப்பிரும்போ கருமை கலந்த பொடியாக உதிர்ந்து விரலிற் கறையேற்றும்.

அக்கறை எதனால் வந்தது? வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்துள்ளது. தூய இரும்பு உருகுதற்கு 1538 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். கரி கலந்த வார்ப்பிரும்போ 1150 முதல் 1200 டிகிரி அளவிலேயே உருகி நீர்போல் ஓடும். அதனாலன்றோ அதனை அச்சில் வார்த்தல் எளிதாயிற்று! சீன நாட்டார் கி.மு. 5-ஆம் நூற்றாண்டளவிலேயே இத்தொழிலை அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பார் 1707-ஆம் ஆண்டில் இரும்புப் பானைகளை மணலில் வார்க்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றார். 1709-ஆம் ஆண்டில் மரக்கரிக்கு மாறாக நிலக்கரியினின்று எடுத்த கற்கரியைக்கொண்டு இரும்பை உருக்கினார். நம் நாட்டிலும் 1830-ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொணர்ந்து இரும்பு உருக்கும் பெருஞ்சாலை ஒன்றை நடத்தினார்.

உருகுதற்கு உதவிய அக்கரியே உடைதற்கும் ஏதுவாகின்றது. உருகிய இரும்பு ஆறி இறுகுங்கால், கரியிற் பெரும்பகுதி மெல்லிய செதில்களாகப் பிரிந்து இரும்பினூடே படிகின்றது. அச்செதில்களுக்கு வலிமை இல்லை. ஆதலின் வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சூடேறிய கல்லின்மேல் குளிர்ந்த நீர் படும்போது மேற்புறம் சுருங்க முயல்கின்றது. உட்புறமோ விரிந்தே நிற்கின்றது. அவ்விரண்டிற்கும் இடையே எழும் இழுப்பினால் செதிலினின்று செதிலுக்குப் பிளவு தாவுகின்றது. எம் அன்னையார் கேட்ட ‘டக்’ என்னும் ஒலி இதுவே. குற்றம் அவர் கையதன்று, இரும்பின் இயல்பினது.

குற்றம் மூவகைத்து

இலக்கணம் பயின்ற பழக்கத்தால் யாம் இதனையும் வகுத்து நோக்கினோம். பழைய கல்லின் குற்றம் மூவகைத்து: தீர்வன, பொறுப்பன, தீராதன.

தீர்வன: துருவும், பல்லாண்டு படிந்த எண்ணெய்ப் பிசுக்கும், ஒட்டிய கரியும் ஆம். இவை மேற்புறத்துக் குற்றங்கள். காண்பதற்கு இவையே மிகக் கொடியனவாய்த் தோன்றும். நீக்குதற்கோ இவையே எளியன.

பொறுப்பன: சிறு குழிகளும், விளிம்பின் சிறு மூளியும், ஒரு காது உடைந்து மழுங்கியதும், சிறிதளவு கோணலும் ஆம். கோணலை அறியச் சமமான தரைமேல் கல்லைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் வைத்து, விளிம்பை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். ஒரு நேரான அளவுகோலை அதன்மேல் குறுக்கே நிறுத்தி, அடியில் ஒளி புகும் இடத்தையும் நோக்கவேண்டும். தோசைக்கற்கள் பல வார்க்கும்போதே நடுவிற் சற்றுக் குழிந்தவை, அது குற்றமன்று. ஒருபுறம் மட்டும் தாழ்ந்து மாவு அங்கே ஒதுங்குமாயின் அதுவே கோணல். கால்களுள்ள எரிவாயு அடுப்பில் சிறு கோணல் தடை செய்யாது; தட்டையான மின்னடுப்பில் தடை செய்யும்.

தீராதன: பிளவும், தீயில் வெந்த இரும்பும், நஞ்சேறிய கல்லும் ஆம். வெந்த இரும்பாவது, கரியைப் போக்கவேண்டி யாரோ பெருநெருப்பிலிட்டுச் செக்கச்செவேலெனக் காய்ச்சிய கல். அதன்மேல் செந்நிறமான செதிற்படை தோன்றும். தேய்த்தாலும் மேற்புறம் சொரசொரப்பாகவே நிற்கும். எண்ணெய் அதிற் பிடியாது. பிளவைப் பற்றவைக்கலாமே என்பார் உளர். வார்ப்பிரும்பைப் பற்றவைத்தல் அருந்தொழில். முழுதும் சூடேற்றி, நிக்கல் கலந்த கோல்கொண்டு ஒட்டி, மெல்ல ஆறவிடல் வேண்டும். அங்ஙனம் செய்தும் நாள்தோறும் சூடேறித் தணியும் கல் அவ்விடத்தின் அருகே மீண்டும் பிளத்தல் உண்டு. இயந்திர உறுப்புக்கு அது தகும், தோசைக்கல்லுக்குத் தகாது.

கடையிற் கண்ட மூன்று கற்கள்

அந்தக் கடையில் எம் அன்னையார்க்கு வேண்டிய அளவில் மூன்று கற்கள் இருந்தன. முதலாவது கருமை மின்னும் அழகிய கல். இரண்டாவது கருமையும் சாம்பல் நிறமும் விரவியது. அதற்கு ஓர் அம்மையார் முன்பணம் கொடுத்துச் சென்றிருந்தார். மூன்றாவது மூலையிற் கிடந்தது, முழுதும் செந்துரு, கையிலெடுத்தால் துகள் உதிர்ந்தது.

எம் கண் முதற்கல்லின்மேலேயே சென்றது. ஆயினும் தட்டிப் பார்த்தே வாங்கவேண்டும் என்று அன்னையார் சொல்லி விடுத்தார். கல்லை ஒரு காதிற் கயிறிட்டுத் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் மெல்லத் தட்டினோம். குற்றமற்ற வார்ப்பு மணிபோல் ஒலித்து, அவ்வொலி சிறிது நேரம் நிற்கும். அழகிய அக்கல்லோ ‘தொப்’ என்று ஒலித்து அடங்கிற்று. ஒலி ஒன்றையே கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது; பிசுக்கு மிகப் படிந்த கல்லும் மங்கி ஒலித்தல் கூடும். ஆகலின் மற்றொரு சோதனையும் செய்தோம். ஐயமுள்ள இடத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாய்த் துடைத்து உலர்த்தி, அதன்மேல் வகுப்பறைச் சுண்ணக்கோலைப் பொடித்துத் தூவினோம். பிளவிற் புகுந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்பொடியின்மேல் நனைந்த கோடாகத் தோன்றிற்று. புகைவண்டித் தொழிற்சாலைகளில் அச்சுகளின் பிளவைக் காண முற்காலத்தில் கையாண்ட முறையும் இதுவே. கண்ணுக்கு மறைந்த பிளவு சுண்ணத்தின்மேல் தன்னைத் தானே எழுதிக் காட்டியது.

மூன்றாவது கல்லைத் தட்டினோம். துருவினூடேயும் ‘கணீர்’ என்றது. சுண்ணத்தின்மேல் கோடு எழவில்லை. குறுக்களவு 30 சென்டிமீட்டர். கனம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். இவ்வளவுள்ள வார்ப்பு இரண்டரைக் கிலோ எடை இருத்தல் வேண்டும். கடைத் தராசிலும் ஏறக்குறைய அவ்வாறே இருந்தது. துரு ஆழத் தின்றிருப்பின் எடை குறைந்து காட்டியிருக்கும். அதனை வாங்கத் துணிந்தோம்.

ஈயம் என்னும் ஒரு சொல்

இது நிற்க. இரண்டாவது கல்லின் சாம்பல் நிறம் எம் உள்ளத்தை உறுத்திற்று. அருகே சென்று நோக்கின், மேற்புறத்தில் சாம்பல் நிறமான சிறு துளிகள் ஒட்டிக் கிடந்தன. பேனாக்கத்தி பட்டவுடன் ஒரு துளி மெழுகுபோல் வெட்டுண்டது. காகிதத்தில் இழுத்தால் பென்சில்போல் கோடிட்டது. “அண்ணாச்சி, இந்தக் கல் எங்கிருந்து வந்தது?” என்று வினவினோம்.

“கடற்கரையிலிருந்து, தம்பி. வலைக்கு ஈயக்குண்டு வார்த்த வீட்டுக் கல். அதிலென்ன? ஈயந்தானே! ரசம் வைக்க ஈயச்சொம்பு வாங்குவதில்லையா?” என்றார் அவர்.

அவர் சொன்னதில் வஞ்சனை இல்லை. பிழை மொழியில் இருந்தது. நம்மவர் ஈயம் என்னும் ஒரு சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கின்றனர். ஒன்று வெள்ளீயம், ரசம் வைக்கும் சொம்பும் பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சும் அதனால் ஆகவேண்டுவன. மற்றொன்று காரீயம், வலைக்குண்டும் வண்டி மின்கலத்தின் தகடும் அதனால் ஆவன. முன்னது உணவோடு பழகத் தக்கது, பின்னது நஞ்சு. காரீயம் 327 டிகிரியிலேயே உருகுதலால் அடுக்களையின் பழங்கல்லிலேயே அதனை எளிதில் உருக்கிவிடுகின்றனர். அஃது உடலிற் சேர்ந்தால் எளிதில் நீங்காது எலும்பிற் படியும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இவ்வளவிற்குக் குறைந்தால் கேடில்லை என்று வரையறுக்கக்கூடிய அளவே அதற்கு அறியப்படவில்லை என்பது உலக நல நிறுவனத்தின் கூற்று.

ஒரு சிறு துளியைக் காகிதத்தில் மடித்துக் கொணர்ந்தோம். மறுநாள் வேதியியல் பயிலும் நண்பர், ஆசிரியர் இசைவுடன், அதனை நீர்த்த நைட்ரிக் அமிலத்திற் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு கரைசல் சில துளி சேர்த்தார். பொன்போல் மஞ்சளான வீழ்படிவு தோன்றிற்று. காரீயமே என்பது தெளிவாயிற்று. அந்நிறத்தின் அழகைக் கண்டு மகிழ எமக்கு மனமில்லை. முன்பணம் கொடுத்த அம்மையார் வந்து கல்லைக் கொண்டுபோயிருப்பாரோ என்பதே எம் கவலை.

வகுப்பு முடிந்ததும் கடைக்கு ஓடினோம். கல் அங்கேயே இருந்தது. கண்டதைக் கூறினோம். “துலக்கிக் கொடுத்தால் போகாதா?” என்று கேட்டார் அண்ணாச்சி. போகாது என்றோம். தேய்த்தால் நஞ்சு தூளாய்ப் பறந்து தேய்ப்பவனையே சாரும். குழிகளில் தங்கியது முற்றும் நீங்கிற்று என்று உறுதி சொல்ல அடுக்களையில் வழியில்லை. அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அந்தம்மா வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்” என்றார். பிறகு எழுந்து சம்மட்டியை எடுத்து, கல்லை நான்கு துண்டாக உடைத்துப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். “உடைத்தால் எடை குறையாது, தம்பி. அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்” என்றார். வணிகத்தில் அவர்க்கு நேர்ந்த இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னாரில்லை.

மீட்கும் முறை

இனி, துருவேறிய கல்லை மீட்டவாறு கூறுதும்.

முதலாவது, தேங்காய்நாரும் செங்கற்பொடியும் கொண்டு உலர்ந்த துருவைத் தேய்த்து உதிர்த்தோம். பின்னர் அரிசி களைந்த கழுநீரில் மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றினோம். இது பாட்டியார் காட்டிய வழி. இதற்குக் காரணம் உண்டு. கழுநீர் புளிக்குங்கால் அதில் மென்மையான அமிலம் பிறக்கின்றது. அது துருவை இளக்குகின்றது. எஞ்சிய அழுத்தமான துருவிற்கு வினிகரும் நீரும் சமமாய்க் கலந்து அரைமணி நேரம் வைத்தோம். இதற்குமேல் விடலாகாது, துருவைத் தின்ற அமிலம் பின்னர் இரும்பையும் தின்னத் தொடங்கும். பிறகு சலவைச் சோடா கலந்த நீரிற் கழுவி அமிலத்தை அடக்கி, உடனே அடுப்பின்மேல் உலர்த்தினோம். இவ்விடத்தில் காலந்தாழ்த்தல் கூடாது. புதிதாய் வெளிப்பட்ட இரும்பு ஈரத்தில் நின்றால் நம் கண்ணெதிரிலேயே மீண்டும் துருப்பிடிக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு மிகுந்த கல்லாயின் எரிசோடாக் கரைசல் அதனை நீக்கும். ஆனால் அது தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறையும் கண்ணாடியுமின்றித் தொடலாகாது. அலுமினியப் பாத்திரத்திலும் வைக்கலாகாது. பெருநெருப்பிலிடும் வழக்கத்தை மட்டும் அறவே விடுக. தீரும் குற்றத்தைத் தீராத குற்றமாக மாற்றுவது அதுவே.

அடுத்தது கல்லைப் பழக்குதல். கை பொறுக்கும் சூட்டில் இருபுறமும் எண்ணெய் தடவி, தடவியதே தெரியாதபடி உலர்ந்த துணியால் துடைத்து, புகை எழுந்து அடங்குமட்டும் காய்ச்சி ஆறவிடல் வேண்டும். இவ்வாறு ஐந்து முறை செய்தோம். மிகுதியாய்த் தடவினால் பிசினாகும். மெல்லிதாய்த் தடவினால் படலமாகும். காய்ந்த எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய பூச்சாவதே இதன் உட்பொருள். எம் பக்கத்தார் எதற்கும் தேங்காயெண்ணெயையே எடுப்பர். அஃது உணவிற்கு இனியதாயினும், இங்ஙனம் பிணைந்து இறுகும் தன்மை அதிற் குறைவு. நல்லெண்ணெயே இதற்கு ஏற்றது.

கிறிஸ்துமஸிற்கு முந்தின நாள் மாலை அன்னையார் அடுப்பை மூட்டினார். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துக் கல்லெங்கும் தேய்த்து முதல் தோசையை ஊற்றினார். அது ஒட்டிக் கிழிந்தது. இரண்டாவதும் ஓரத்திற் பிடித்தது. திண்ணையில் நின்றவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்னையார் அவரை நோக்கவில்லை. மூன்றாவது தோசை சட்டுவம் பட்டவுடன் வட்டமாய் எழுந்து வந்தது. “நம்ம கல்லாகிவிட்டது” என்றார். அன்றிரவு மாவு தீர்ந்தபின்பே கடை எடுக்கப்பட்டது. எம் தேர்வுக் கட்டணமும் உரிய நாளிற் செலுத்தப்பட்டது.

அன்பர்காள்! பழைய கல் வாங்கச் செல்வீராயின், துருவைக் கண்டு அஞ்சற்க. கருமையைக் கண்டு மயங்கற்க. தட்டிக் கேளுங்கள், சுண்ணம் தூவிப் பாருங்கள், எவ்வீட்டில் எப்பணி செய்து வந்ததென்று தயங்காது வினவுங்கள். வாங்கியபின், சுட்ட கல்லில் நீர் வாராதீர்கள், தானே ஆறட்டும். பிளந்த எம் பழங்கல்லை அன்னையார் பழைய இரும்பிற்குத் தர இன்னும் இசையவில்லை. அது திண்ணையோரம் சுவரிற் சாய்ந்து நிற்கின்றது. பயன் முடிந்ததாயினும், புதிய கல்லின்மேல் நீர்ச்செம்பை யாரும் எடுக்காதபடி காத்து நிற்பது அதுவே.